சர்வரின் பதிவேடு: எழுத வேண்டியதும் எழுதக் கூடாததும்

நாட்டின் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வேளாண் விரிவாக்க நிலையங்களிலும் பணிபுரிவோர் முற்காலத்தில் தம் விவரங்களைத் தாளில் எழுதி, குறித்த நாளில் மேல் அலுவலகத்திற்கு அனுப்பி வந்தனர். இன்று அவ்வேலையின் பெரும்பகுதி கைப்பேசி, கணினி ஆகியவற்றின் மூலமாக நடைபெறுகிறது. பள்ளி விவரங்களுக்கென அமைந்த யூடைஸ் பிளஸ் என்னும் ஏற்பாடும், குழந்தைகளின் ஊட்ட நிலையைக் குறிப்பதற்கென 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற போஷண் டிராக்கர் என்னும் செயலியும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். இம்மாறுதலால் பெரும் வசதி ஏற்பட்டுள்ளது. கூடவே ஒரு சங்கடமும் ஏற்பட்டுள்ளது. தாளில் எழுதி அனுப்பியவரிடம் அதன் நகல் இருக்கும். செயலியில் எழுதி அனுப்பியவரிடம், திரையில் ஒரு கணம் தோன்றி மறைந்த வாசகத்தின் நினைவு மட்டுமே இருக்கும்.

அனுப்பிய விவரம் போய்ச் சேர்ந்ததா, வழியில் தவறியதா, சேர்ந்த பின் வேறொருவரால் மாற்றப்பட்டதா என்னும் கேள்விகள் பின்னொரு நாள் எழுமாயின், விடை கூறவல்ல சாட்சி ஒன்றே உண்டு. சர்வர் தனக்குத்தானே எழுதி வைக்கும் நிகழ்ச்சிப் பதிவேடே அச்சாட்சி. கணினித் துறையினர் இதனை லாக் என்பர். இப்பதிவேட்டில் எதனை எழுதுவது, எதனை விடுவது, எத்தனை நாள் பாதுகாப்பது என்பவற்றை நிரல் எழுதுவோரின் வசதிக்கும் கருவியின் முன்னமைப்புக்கும் விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். இது தொழில்நுட்பத்தை மட்டும் சார்ந்த தீர்மானமன்று; நிர்வாகத்தையும் நீதியையும் சார்ந்தது. சேவையை நடத்தும் துறையே, அச்சேவை மக்களுக்குத் திறந்துவிடப்படுவதற்கு முன்னர், இதனை எழுத்து மூலமாக முடிவு செய்தல் கடமையாகும்.

பதிவேடு என்பது யாது?

லாக் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கடலில் எறிந்து, குறித்த நேரத்திற்குள் கயிற்றின் முடிச்சுகள் எத்தனை ஓடின என்று எண்ணி, மாலுமிகள் கப்பலின் வேகத்தை அளந்து வந்தனர். அவ்வளவுகளைக் குறித்து வைத்த புத்தகத்திற்கும் அக்கட்டையின் பெயரே நிலைத்தது. பின்னர் அச்சொல் ஆய்வுக்கூடங்களுக்கும் யந்திரசாலைகளுக்கும் பரவியது.

கணினி வரலாற்றில் இத்தகைய பதிவேட்டின் ஒரு பக்கம் புகழ் பெற்றது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் 2 என்னும் கணக்கிடும் யந்திரத்தில் பழுது ஏற்பட்டது. அதனை இயக்கியோர் ஆராய்ந்தபோது ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அவர்கள் பூச்சியைப் பதிவேட்டிலேயே ஒட்டி, கண்ட நேரத்தையும் ரிலேயின் எண்ணையும் அது இருந்த பலகையின் அடையாள எழுத்தையும் அருகில் குறித்தனர். அப்பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. இந்நிகழ்ச்சியை வேடிக்கையாகக் கூறுவோர் பலர். எனினும் அப்பக்கத்தின் உண்மையான சிறப்பு வேறு. எப்பொழுது, எவ்விடத்தில், என்ன கண்டனர் என்னும் மூன்றும் ஒரே வரியில் அமைந்திருப்பதால், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனைப் படிப்பவர் நடந்ததைத் தெளிவாக அறிய முடிகிறது.

கைப்பேசியிலுள்ள செயலிக்கும் விவரங்களைச் சேமித்து வைக்கும் கிடங்கிற்கும் இடையே நின்று பணிபுரியும் நிரலுக்கு வெப் ஏ.பி.ஐ. என்று பெயர். இதனை அஞ்சல் நிலையத்தின் சாளரத்திற்கு ஒப்பிடலாம். வெளியிலிருந்து ஒருவர் கோரிக்கையை நீட்டுகிறார். உள்ளிருப்பவர் அதனைச் சரிபார்த்து, ஏற்கவோ மறுக்கவோ செய்து, விடையைத் திருப்பித் தருகிறார். விடையுடன் மூவிலக்க எண் ஒன்றும் செல்கிறது. 200 என்பது கோரிக்கை நிறைவேறியதைக் காட்டும். 201 என்பது புதிய பதிவு உண்டானதைக் காட்டும். 400 முதல் 499 வரையுள்ளவை, கோரிக்கையில் குறையுண்டு என்று சர்வர் கருதுவதைக் குறிக்கும். 500-உம் அதற்கு மேற்பட்டவையும் குறை சர்வரின் பக்கத்தில் உள்ளது என்பதைக் குறிக்கும். ஆகவே இவ்வெண் ஒன்று ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், பிழையை முதலில் எப்பக்கத்தில் தேடுவது என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

படிநிலைகளும் முன்னமைப்பும்

சர்வரில் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் நடைபெறலாம். அனைத்தையும் ஒரே தரத்தில் எழுதினால் படிப்போர் திகைப்பர். இது கருதியே பதிவுகளுக்குப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் ஆக்கிய சிஸ்லாக் முறையில் இத்தகைய வகுப்பு இருந்தது. 2009-ஆம் ஆண்டில் வெளியான அதன் தர வரையறையில், 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் கூறப்பட்டுள்ளன. 0 என்பது சேவையே செயலிழந்த நிலை, 7 என்பது நிரலைச் சீர்செய்வோருக்கு மட்டும் பயன்படும் நுண்விவரம்.

இன்று பரவலாக வழங்கும் ஏ.எஸ்.பி. டாட் நெட் கோர் என்னும் கட்டமைப்பில் படிகள் ஆறு. டிரேஸ் என்பது அடிக்கு அடி நடையைக் குறிக்கும் விவரம். டீபக் என்பது பழுது பார்க்கும் காலத்துக்குரிய விவரம். இன்ஃபர்மேஷன் என்பது வழக்கமான நிகழ்ச்சி. விவரம் ஒன்று பெறப்பட்டுச் சேமிக்கப்பட்டது என்பது போன்றது. வார்னிங் என்பது எதிர்பாராத, ஆனால் வேலையை நிறுத்திவிடாத நிகழ்ச்சி. எர்ரர் என்பது ஒரு கோரிக்கை தோல்வியுற்ற நிலை. கிரிட்டிக்கல் என்பது சேவை முழுவதற்கும் ஆபத்து நேர்ந்த நிலை. எந்தப் படியிலிருந்து மேலுள்ளவை பதிவாக வேண்டும் என்பதை அமைவுக் கோப்பு ஒன்றில் குறிப்பர். நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு படியைக் குறிக்கவும் இயலும். கட்டமைப்பின் உட்பகுதிகளுக்கு வார்னிங் என்றும், துறையின் சொந்த நிரலுக்கு இன்ஃபர்மேஷன் என்றும் அமைப்பது வழக்கம்.

இவ்வளவில் செய்தி எளிதாகவே தோன்றும். இடர்ப்பாடு முன்னமைப்பில் உள்ளது. நிரலை எழுதும் காலத்தில் எல்லாவற்றையும் காண வேண்டியிருப்பதால், டீபக் படி திறந்து வைக்கப்படுகிறது. சேவை மக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னரும் அதே அமைவு நீடித்தால், பதிவேடு பெருகி வட்டு நிறைந்து, சேவையே நின்றுபோகக் கூடும். மறுபுறம், செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் எர்ரர் படிக்குக் கீழுள்ளவை அனைத்தையும் அடைத்துவிட்டால், பிழைகள் மட்டுமே எழுதப்படும். பிழைக்கு முன் நடந்தவை யாவை என்பதை அறிய வழியிராது. மற்றொன்றும் கருதத் தக்கது. இக்கட்டமைப்பு பதிவுகளைத் திரைக்கு அனுப்பும் வசதியைத் தன்னுடன் கொண்டுள்ளது. ஆயின் சாதாரணக் கோப்பில் எழுதி வைக்கும் வசதியைத் தன்னுடன் கொண்டு வரவில்லை. திரைக்குச் செல்பவற்றைச் சேகரிக்கத் தனியே ஏற்பாடு செய்யாவிடில், அவை காற்றில் எழுதிய எழுத்தாகவே முடியும். பதிவு நடைபெறுகிறது என்று அனைவரும் நம்பியிருக்க, வேண்டும் நாளில் ஒரு வரியும் கிடைக்காமற் போகலாம்.

பதிவில்லாமையால் விளைந்த அநீதி

இவை வெறும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் என்று எண்ணுவோர் பிரிட்டனில் நிகழ்ந்ததை அறிந்துகொள்ளுதல் நன்று. அந்நாட்டின் அஞ்சல் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்னும் கணினிக் கணக்குமுறையைப் புகுத்தியது. ஃபியூஜிட்சு என்னும் நிறுவனம் அதனைப் பராமரித்து வந்தது. கணினி காட்டிய இருப்புக்கும் கையிலிருந்த பணத்திற்கும் வேறுபாடு தோன்றியபோதெல்லாம், கிளையை நடத்தியவரே பணத்தைக் கையாடியதாகக் கருதப்பட்டது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீட்டையும் சேமிப்பையும் இழந்தனர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நீதிபதி ஃபிரேசர் அளித்த தீர்ப்பில், கணக்கில் குறைவை உண்டாக்கவல்ல பிழைகள் அம்முறையில் இருந்தன என்பதும், கிளையினர் அறியாமலேயே அவர்களுடைய கணக்கைத் தொலைவிலிருந்து மாற்றுதல் பராமரிப்புப் பணியாளருக்கு இயலும் என்பதும் உறுதியாயின. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்க நேர்ந்தது.

இவ்வழக்கில் பதிவேட்டின் பங்கு சிறிதன்று. உயர் உரிமை பெற்ற பணியாளர் அம்முறைக்குள் எப்பொழுது நுழைந்தார், எப்பொழுது வெளியேறினார் என்பவை மட்டுமே பல ஆண்டுகள் பதிவாகி வந்தன. இடைப்பட்ட நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பது பதிவாகவில்லை. 2015-ஆம் ஆண்டில்தான் செய்த செயல்களும் பதிவாகும் வண்ணம் அமைவு மாற்றப்பட்டது. காவலர் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் மட்டும் குறித்துவிட்டு, பெட்டியைத் திறந்தாரா என்பதைக் குறிக்காத புத்தகத்தால் களவு போன பொருளைப் பற்றி என்ன கூற இயலும்? பதிவேட்டின் அமைவில் விடப்பட்ட ஒரு குறை, பல ஆண்டுகளுக்குப் பின்னர், குற்றமற்றவர் தம் நேர்மையை நிலைநாட்டும் வழிகளில் ஒன்றை அடைத்து நின்றது.

இதிலிருந்து பெறத்தக்க படிப்பினை நம் நாட்டிற்கும் பொருந்தும். கணினிமுறையில் சந்தேகம் எழும்போது, பழி மேலிருந்து கீழ்நோக்கியே இறங்குகிறது. விவரம் காணப்படவில்லை என்றால், அனுப்பியவர் அனுப்பவில்லை என்றே முதலில் எண்ணப்படுகிறது. அவரிடம் நகல் இல்லை. சர்வரிடமோ அனைத்தும் உண்டு. எனவே சர்வரை நடத்துவோருக்கு, உண்மையைப் பதிந்து வைக்கும் கடமையும் உண்டு. நல்ல பதிவேடு துறைக்கு மட்டும் உரிய கருவியன்று. கடைசிப் படியில் நிற்கும் பணியாளரின் நற்பெயருக்கும் அதுவே காவல்.

எழுத வேண்டியவை

வானிலை நிலையங்களில் மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்க்கும் பணியாளர், மழை பெய்யாத நாளிலும் சுழியைக் குறிப்பார். கட்டத்தை வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்பது பின்வருவோருக்கு விளங்காது. சர்வரின் பதிவேட்டிற்கும் இவ்விதியே பொருந்தும். பதிவில் மௌனம் நிலவினால், குறை நேரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். பதிவு நின்றுபோயிற்று என்றும் பொருள் கொள்ளலாம். ஆதலின் விவரம் ஒன்று பெறப்பட்டதையும், சேமிக்கப்பட்டதையும், மறுக்கப்பட்டதையும், மாற்றப்பட்டதையும் தவறாமல் எழுதுதல் வேண்டும். சேவை தொடங்கியதையும் நின்றதையும் எழுதுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உயர் உரிமை பெற்றோர் செய்யும் திருத்தங்கள் ஒவ்வொன்றும் யாரால், எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பிற்குச் செய்யப்பட்டது என்பது பதிவாதல் வேண்டும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தவற்றை ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடிட்டு அருகில் திருத்துக என்று ஆசிரியர்கள் மாணவர்க்குக் கூறுவதும் இதுவே.

ஒவ்வொரு பதிவிலும் நேரம் இன்றியமையாதது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தினும் ஐந்தரை மணி முன்னிற்பது. ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதி, எது எந்நேரம் என்ற குறிப்பும் இல்லையெனில், இரண்டையும் ஒப்பிடுவோர் மாலை நிகழ்ச்சியைப் பகலில் நிகழ்ந்ததாகக் கொள்வர். ஆண்டு, மாதம், நாள், மணி என்னும் வரிசையில், நேர வேறுபாட்டையும் சேர்த்து எழுதும் அனைத்துலக முறை இக்குழப்பத்தை நீக்கும். கடிகாரங்கள் ஒத்திருத்தலும் அவசியம். இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், தேசியத் தகவலியல் மையம் அல்லது புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் நேர சர்வர்களுடனோ, அவற்றை ஆதாரமாகக் கொண்ட சர்வர்களுடனோ கடிகாரங்களை இணைக்குமாறு பணித்துள்ளது. நாட்டின் நேரத்தைக் காக்கும் ஆய்வகத்தின் உழைப்பு, எங்கோ ஒரு பள்ளியிலிருந்து வந்த விவரத்தின் நேரத்தை உறுதி செய்யும் அளவிற்கு நீள்வது கருதி மகிழத்தக்கது.

நேரத்தை அடுத்து அடையாள எண் வேண்டும். ஒரே கோரிக்கை இன்று நான்கைந்து நிரல்களைக் கடந்து செல்லலாம். அது நுழையும்போதே எண் ஒன்றை அளித்து, அவ்வெண்ணை ஒவ்வொரு நிரலும் தன் பதிவில் எழுதினால், பிரிந்து கிடக்கும் வரிகளை ஒரு நூலில் கோத்துவிடலாம். 2020-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சங்கம் இதற்கெனப் பொதுத் தரம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அவ்வெண்ணையே, அல்லது அதனுடன் இணைந்த சுருக்க எண்ணையே, அனுப்பியவரின் திரையிலும் காட்டுதல் தக்கது. பதிவுத் தபாலுக்குச் சீட்டு அளிப்பது போன்றதே இது. இச்சிறு ஏற்பாடு ஒன்றினாலேயே பணியாளருக்கு முன்னிருந்த நகலின் பாதுகாப்பு மீண்டும் கிடைக்கும்.

எழுதக் கூடாதவை

எல்லாவற்றையும் எழுதிவிட்டால் தீங்கில்லை என்னும் எண்ணமும் தவறானதே. 2018-ஆம் ஆண்டு மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களைப் பிறர் அறிய இயலாதவாறு உருமாற்றிச் சேமிக்கும் நல்ல முறை அந்நிறுவனத்தில் இருந்தது. ஆனால் உருமாற்றம் முடிவதற்கு முன்னரே அவை உட்பதிவேடு ஒன்றில் உள்ளவாறே எழுதப்பட்டு வந்தன. களஞ்சியத்திற்குப் பூட்டிட்டுவிட்டு, அதன் சாவியைத் திண்ணையில் வைத்தது போன்ற செய்கை அது. கிடங்கைக் காக்கும் விழிப்பு பதிவேட்டிற்கும் வேண்டும் என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

கடவுச்சொல், நுழைவு அடையாளக் குறி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நோய் விவரம், குழந்தையின் பெயரும் முகவரியும் ஆகியவை பதிவேட்டில் இடம்பெறலாகாது. ஆதார் சரிபார்ப்பு பற்றி 2016-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒழுங்குமுறைகள், கைரேகை முதலிய உடற்குறி விவரங்களைச் சரிபார்ப்புப் பதிவில் வைத்தலைத் தடுத்துள்ளன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கருதுகிறது. பள்ளிச் சேவைகளில் இது பெரிதும் நினைவில் வைக்கத்தக்கது. மாணவரைக் குறிக்க நேரும்போது, பெயருக்குப் பதிலாக உள் எண் ஒன்றைக் குறித்தாலே பழுது பார்ப்போருக்குப் போதுமானது. இணைய முகவரியின் வாலில் பெயரையும் எண்ணையும் சேர்த்தனுப்பும் வழக்கத்தையும் கைவிடுதல் வேண்டும். அம்முகவரி கடந்து செல்லும் பல யந்திரங்களின் பதிவுகளில் அவை தாமாகவே படிந்துவிடும்.

தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதினும், அனுமதிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதே பாதுகாப்பான முறையாகும். ஏ.எஸ்.பி. டாட் நெட் கோரின் கோரிக்கைப் பதிவு வசதி, தலைப்பு விவரங்களில் அனுமதிப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் எழுதி, ஏனையவற்றை மறைத்துவிடுகிறது. துறைகள் தம் சொந்த நிரல்களிலும் இந்நெறியையே கைக்கொள்ளலாம். தடைப் பட்டியலில் ஒன்றை மறந்தால் இரகசியம் வெளிப்படும்; அனுமதிப் பட்டியலில் ஒன்றை மறந்தால் பதிவில் ஒரு சொல் குறையும். இரண்டாவது தவறு திருத்தக் கூடியது.

வெளியிலிருந்து வரும் வாசகத்தை அப்படியே நம்புதலும் ஆகாது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், லாக் ஃபோர் ஜே என்னும் பதிவுக் கருவியிலேயே பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. எழுதுமாறு கொடுக்கப்பட்ட வாசகத்தினுள் குறிப்பிட்ட வடிவில் கட்டளை இருந்தால், அக்கருவி வெளியிடத்திலிருந்து நிரலைப் பெற்று இயக்கும் நிலை உண்டாயிற்று. அக்குறையின் கடுமை பத்துக்குப் பத்து என்று மதிப்பிடப்பட்டது. எழுத வேண்டிய எழுத்தர், எழுதக் கொடுத்ததைக் கட்டளையாகக் கொண்டு நிறைவேற்றியது போன்ற விபரீதம் அது. ஆகவே பதிவுக் கருவியையும் மற்ற நிரல்களைப் போலவே காலத்திற்குக் காலம் புதுப்பித்து வருதல் அவசியம். வாசகத்தையும் விவரங்களையும் ஒன்றாகக் குழைத்து ஒரே வரியாக எழுதாமல், விவரம் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுதல் நலம். வெளியார் தம் வாசகத்தில் வரிமுறிவைப் புகுத்திப் பொய்ப் பதிவை உண்டாக்குவதற்கு அது இடங்கொடாது. பின்னர்த் தேடுவதும் எளிதாகும்.

எவ்வளவு, எத்தனை நாள்?

அளவைக் கணக்கிடாமல் அமைவை முடிவு செய்யலாகாது. நொடிக்கு 200 கோரிக்கைகளைப் பெறும் சேவை ஒன்றைக் கருதலாம். கோரிக்கை ஒவ்வொன்றிற்கும் ஐந்து வரிகளும், வரி ஒன்றிற்கு 300 பைட்டுகளும் ஆகுமாயின், நொடிக்கு 3 இலட்சம் பைட்டுகள் சேரும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 ஜிகாபைட்டும், 180 நாட்களுக்கு 4,700 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் இடம் வேண்டும். டீபக் படியைத் திறந்து, வரிகள் பத்து மடங்கானால், நாளொன்றுக்கே 260 ஜிகாபைட்டு ஆகும். இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யலாம்; எனினும் சேவையைத் திறக்குமுன் இதனைச் செய்து பார்ப்போர் மிகுதியாக இல்லை.

காலவரையறையும் பதிவின் தன்மைக்கேற்ப வேறுபடும். மேற்கூறிய 2022-ஆம் ஆண்டின் ஆணை, கணினிமுறைகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்குமாறு கூறுகிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான விதிகள், அனுமதியற்ற நுழைவைக் கண்டறிய உதவும் பதிவுகளுக்கு ஓராண்டைக் குறிக்கின்றன. அவ்விதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. மறுபுறம், ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அளித்த தீர்ப்பு, சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்தலாகாது என்று கூறி, ஐந்தாண்டு வைக்கும் முந்தைய ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. ஒருவகைப் பதிவை இத்தனை நாள் வைத்தே தீர வேண்டும் என்பதும், மற்றொரு வகையை இத்தனை நாளுக்கு மேல் வைக்கவே கூடாது என்பதும் சட்டத்தின் கருத்து. எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பில் கொட்டி வைப்போர் இவ்விரண்டில் ஒன்றை மீறுவது திண்ணம். எனவே வகைப்படுத்தலைத் தொடக்கத்திலேயே அமைவில் செய்துவிடுதல் அறிவுடைமை.

மாற்றுக் கருத்துகள்

பதிவு மிகுந்தால் சேவையின் வேகம் குறையும், செலவும் கூடும் என்று சிலர் கூறுவர். இதில் உண்மை உண்டு. எனினும் படிநிலைகளைச் சரியாக வகுத்து, வெறும் நலவிசாரணைக் கோரிக்கைகள் போன்ற பயனற்ற வரிகளை நீக்கினால், தேவையான வரிகளுக்கு இடம் கிடைக்கும். பழுது நேரும்போது ஒரு பகுதிக்கு மட்டும் படியைத் தாழ்த்தி, பின்னர் உயர்த்திக்கொள்வதும் இயலும்; சேவையை நிறுத்தாமலேயே இம்மாற்றத்தைச் செய்யும் வசதி இன்றைய கட்டமைப்புகளில் உண்டு.

இது நிரலாளரின் வேலை, துறைத் தலைவர்கள் இதில் தலையிட வேண்டியதில்லை என்பது மற்றொரு கருத்து. எவ்வாறு எழுதுவது என்பது நிரலாளரின் வேலை என்பதில் ஐயமில்லை. ஆயின் எதனைச் சாட்சியாக வைப்பது, யாருடைய இரகசியத்தைக் காப்பது என்பவை அவருடைய அதிகாரத்திற்கு உட்பட்டவையல்ல. வருகைப் பதிவேட்டின் தாளையும் மையையும் அச்சகத்தார் தேர்ந்தெடுக்கலாம். அதில் என்னென்ன பத்திகள் இருக்க வேண்டும் என்பதைப் பள்ளியே தீர்மானிக்கிறது.

பதிவேடு பணியாளரைக் கண்காணிக்கும் கருவியாகிவிடும் என்னும் அச்சமும் கூறப்படுகிறது. இது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஒருவர் எத்தனை மணிக்குக் கைப்பேசியைத் தொட்டார், எவ்விடத்தில் நின்றார் என்பவற்றையெல்லாம் சேவைக்குத் தேவையின்றிக் குறித்து வைத்தல் முறையன்று. பதிவு எந்நோக்கத்திற்காக எழுதப்படுகிறதோ, அந்நோக்கத்திற்கு மட்டுமே பயன்படுதல் வேண்டும். பதிவைப் பார்ப்பவர் யார் என்பதும் பதிவாதல் வேண்டும். மேலும் தம்மைக் குறித்து எழுந்த குற்றச்சாட்டில், தமக்குரிய பதிவுகளைக் காண்பதற்குப் பணியாளருக்கும் வழியிருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தாரால் மட்டும் படிக்கப்படும் பதிவேடு நியாயத்திற்குத் துணை செய்யாது.

செய்யத்தக்கவை

சேவையை நடத்தும் ஒவ்வொரு துறையும் ஒரே தாளில் அடங்கும் பதிவுத் திட்டம் ஒன்றை வகுத்தல் நலம். எந்நிகழ்ச்சிகள் எந்தப் படியில் எழுதப்படும், எவ்விவரங்கள் எழுதப்படமாட்டா, எவ்வகைப் பதிவு எத்தனை நாள் இருக்கும், அதனைப் பார்க்க உரிமை பெற்றோர் யார், அமைவை மாற்ற ஒப்புதல் அளிப்பவர் யார் என்னும் ஐந்து கேள்விகளுக்கு அதில் விடையிருத்தல் போதுமானது. சேவை திறக்கப்படுமுன், சோதனைக் கோரிக்கை ஒன்றை வேண்டுமென்றே தோல்வியுறச் செய்து, பதிவேட்டை மட்டும் கொண்டு அத்தோல்வியின் காரணத்தைக் கண்டறிய முடிகிறதா என்று ஆராய்தல் வேண்டும். முடியாவிடில் அமைவு நிறைவு பெறவில்லை என்பதே பொருள். தீயணைப்புக் கருவியைத் தீப்பிடித்த அன்றா சோதித்துப் பார்ப்பது?

களப் பணியாளர்கள் தம் பங்கிற்கு, விவரம் அனுப்பிய நாளையும் நேரத்தையும் திரையில் தோன்றும் எண்ணையும் சிறு குறிப்பேட்டில் எழுதி வருதல் பயன் தரும். எண் எதுவும் தோன்றாத செயலியாயின், அதனைக் காட்டுமாறு துறைக்கு எழுதிக் கேட்பது அவர்களுடைய உரிமை. குறையை அறிவிக்கும்போது, வேலை செய்யவில்லை என்று மட்டும் கூறாமல், எந்நேரத்தில், எந்தப் பக்கத்தில், என்ன வாசகம் தோன்றியது என்று தெரிவித்தால், பதிவேட்டில் அவ்வரியைத் தேடிக் கண்டுபிடித்தல் எளிதாகும். கடவுச்சொல்லையும் ஆதார் எண்ணையும் அக்குறிப்பில் சேர்த்தலாகாது.

ஆசிரியர்களுக்கு இதில் கல்விப் பயனும் உண்டு. மழை அளவு, செடியின் வளர்ச்சி, தண்ணீரின் வெப்பம் ஆகியவற்றை மாணவர்கள் நாள்தோறும் குறிக்கும்போது, நேரம், இடம், அளவு, குறித்தவர் என்னும் நான்கும் ஒவ்வொரு வரியிலும் அமையுமாறு பழக்கலாம். அளக்காத நாளுக்கு அளவைக் கற்பனை செய்து எழுதாமலும், பெய்யாத மழைக்குச் சுழியை எழுத மறவாமலும் இருக்கக் கற்பிக்கலாம். அவ்வாறு பழகிய மாணவருள் ஒருவர் நாளை சர்வர் ஒன்றின் அமைவை எழுத நேரலாம். கணினிக்கு நினைவாற்றல் மிகுதி. ஆனால் எதனை நினைவில் வைப்பது என்பதை அது தானே அறியாது. அதனை அறிந்து கூறும் பொறுப்பு அதனை ஆள்வோரைச் சார்ந்தது. அப்பொறுப்பை ஏற்காத துறை, தன் பணியாளரிடம் கணக்குக் கேட்கும் தகுதியை இழக்கும்.